மரை கழன்ற என்ஜினும் வேண்டாத கடனும்

புத்தி பிசகியது போல் பேசுபவரை 'மரை கழன்றவர்' என்று கேலி செய்வது நம் பேச்சு வழக்கு. திருகாணியின் மரை தேய்ந்துவிட்டால் எவ்வளவு திருகினாலும் அது பிடிப்பதில்லை. நின்ற இடத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும். பட்டறையில் கண்ட உண்மையை மனிதருக்குப் பொருத்திப் பார்த்த சொல் இது. அந்தச் சொல்லின் நேர்ப்பொருளை, வணிகவியல் பட்டம் பெற்று வரவு செலவு ஏடுகளோடே இருபது ஆண்டுகளைக் கழித்துவிட்ட நாங்கள், சென்ற மழைக்காலத்தில்தான் கண்கூடாகக் கண்டோம். கற்பித்தவர் ஓர் ஆட்டோ ஓட்டுநர்.

புனே நகரில் எங்கள் கிளைக்கு ஒருநாள் காலையில் அவர் வந்தார். வாடிக்கையாளரின் பெயரை வெளியிடாதிருப்பது எங்கள் தொழில் மரபாதலால் ஓட்டுநர் என்றே குறிப்பிடுவோம். பழைய ஆட்டோ ஒன்றை, 2015 ஏப்ரலில் தொடங்கப்பட்ட முத்ரா திட்டத்தின் 'கிஷோர்' பிரிவில் எங்களிடம் கடன் பெற்று வாங்கியவர் அவர். தவணைகளைத் தவறாமல் செலுத்தி வந்தார். அன்று அவர் கேட்டது மேலும் முப்பதாயிரம் ரூபாய்.

"என்ஜினின் அடிப்பகுதியையே மாற்ற வேண்டுமாம், சாகேப். நான்கு நாளாக வண்டி ஓடவில்லை" என்றார்.

"என்ன கெட்டுப்போயிற்று, பாவூ?" என்று கேட்டோம்.

"ஒரு போல்ட்டு" என்றார் அவர்.

ஒரு போல்ட்டுக்கு முப்பதாயிரமா என்ற வியப்பில் படிவத்தை எடுக்கும் முன் அவரை உட்காரவைத்துக் கதையைக் கேட்டோம். அவர் சொன்னதும், அதன் பின் நாங்கள் பட்டறையில் நேரில் பார்த்துத் தெரிந்துகொண்டதும் பழைய வண்டி வைத்திருக்கும் எவருக்கும் பயன்படும் என்பதால் அவற்றை இங்கே எழுதுகிறோம்.

எண்ணெய் வடிக்கும் வாய்

என்ஜினுக்குள் ஓடித் திரிந்து உராய்வைத் தணிக்கும் எண்ணெய், கடைசியில் வந்து தங்கும் இடம் என்ஜினின் அடிப்பகுதி. கார்களில் அது தனியாகக் கழற்றக்கூடிய ஒரு தொட்டி. பட்டறை வழக்கில் ஆயில் சேம்பர். மோட்டார் சைக்கிள்களிலும் பெரும்பாலான ஆட்டோக்களிலும் தனித் தொட்டி கிடையாது. என்ஜினின் உடலாகிய அலுமினிய வார்ப்பே எண்ணெயையும் தாங்கிக்கொள்கிறது. அதன் அடியில் ஒரு துளை. அதை மூடும் போல்ட்டுக்கு டிரெயின் போல்ட் என்று பெயர். பழைய எண்ணெயை வடிக்கும்போது அதைக் கழற்றுவதும், வடித்து முடிந்தபின் மீண்டும் பூட்டுவதும் வழக்கம்.

இந்தப் போல்ட்டைப் பற்றி மிகப் பலரிடம் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. எண்ணெயை ஒழுகாமல் தடுப்பது மரை என்று நினைக்கிறார்கள். உண்மையில் தடுப்பது, போல்ட்டின் தலைக்கும் என்ஜினின் முகத்துக்கும் நடுவே நசுங்கி உட்காரும் வாஷர்தான். செம்பிலோ அலுமினியத்திலோ செய்யப்பட்ட அந்த மெல்லிய வளையத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டிருப்பது மட்டுமே மரையின் வேலை. மேலும், அடியில் தேங்கி நிற்கும் எண்ணெய்க்குத் தன் எடையைத் தவிர வேறு அழுத்தம் இல்லை. பம்பின் அழுத்தமெல்லாம் அதற்கு அப்பால் உள்ள குழாய்களில்தான். ஆகவே இந்தப் போல்ட்டை வெறிகொண்டு இறுக்க வேண்டிய தேவை எந்நாளும் இல்லை.

ஆனால் அது கழன்று விழுந்தால் கதை வேறு. எண்ணெய் முழுதும் வடிந்துபோக ஒரு சில நிமிடம் போதும். எண்ணெய் இல்லாமல் ஓடும் என்ஜினில் பிஸ்டனும் பேரிங்கும் காய்ந்து, சூடேறி, ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். அதற்குப் பின் போல்ட்டைப் பற்றிப் பேச்சே இல்லை; முழு என்ஜினைப் பற்றித்தான் பேச்சு.

மரை ஏன் போகிறது?

போல்ட் எஃகு, அது புகும் துளை அலுமினியம். ஒரு கன சென்டிமீட்டர் எஃகின் எடை ஏறத்தாழ 7.85 கிராம், அலுமினியத்தின் எடை 2.7 கிராம். எடை குறைவு என்பதனால்தான் என்ஜினை அலுமினியத்தில் வார்க்கிறார்கள். அந்த எடைக்குறைவோடு மென்மையும் சேர்ந்தே வருகிறது. இரண்டும் பொருதும்போது தோற்பது மெல்லியதே. அதனால்தான் போல்ட் புதிது போல் இருக்க, துளையின் மரை மட்டும் சுருள் சுருளாக வெளியே வந்துவிடுகிறது. வெப்பத்தால் விரிவதிலும் இரண்டுக்கும் ஒற்றுமை இல்லை. அலுமினியம் எஃகைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு விரியும். என்ஜின் கொதிக்கும் நிலையில் போல்ட்டைப் பூட்டுவதும் முரட்டுத்தனமாகத் திருப்புவதும் ஆகாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மற்றுமொரு நுட்பம். போல்ட்டில் பத்து சுற்று மரை இருந்தாலும் சுமை பத்துக்கும் சமமாகப் பகிரப்படுவதில்லை. தலைக்கு அருகில் உள்ள முதற்சுற்றே ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைத் தாங்குகிறது. அடுத்தடுத்த சுற்றுகளுக்குக் குறைந்துகொண்டே போகிறது. முதற்சுற்று அறுந்தால் சுமை இரண்டாவதின் தலையில் விழும். அதுவும் அறுந்தால் மூன்றாவதன் மேல். வாராக்கடன் ஒன்று மற்றொன்றைக் கெடுப்பதைப் பார்த்துப் பழகிய எங்களுக்கு இது புரியக் கடினமாக இல்லை.

நம் ஓட்டுநரின் வண்டியில் நடந்ததும் படிப்படியானதுதான். எண்ணெய் மாற்றும்போதெல்லாம் பழைய வாஷரையே திரும்பப் போட்டிருக்கிறார்கள். ஒரு முறை நசுங்கிய வாஷர் மறுமுறை சரியாக உட்காராது, சொட்டு விழும். சொட்டு விழுகிறதே என்று போல்ட்டை இன்னும் ஒரு திருப்பு. அடுத்த முறை மேலும் ஒரு திருப்பு. அவருக்கு முன் வண்டியை வைத்திருந்தவர் காலத்திலேயே ஒருமுறை மரை போய், 12 மில்லிமீட்டர் போல்ட்டுக்குப் பதில் 14 மில்லிமீட்டர் போல்ட் ஏற்றப்பட்டிருந்தது. இப்போது அதன் மரையும் போயிற்று. வழியில் ஒருவர் வெள்ளை டேப்பைச் சுற்றிப் போல்ட்டை மீண்டும் செருகிக் கொடுத்தார். இரண்டு நாள் தாங்கியது. மூன்றாம் நாள் நிறுத்தத்தில் வண்டிக்கடியில் கருமையாக ஒரு வட்டம் தெரிந்தபோது, நல்லவேளையாக அவர் என்ஜினை நிறுத்திவிட்டார். அந்த ஒரு முடிவுதான் என்ஜினைக் காப்பாற்றியது.

அவர் முதலில் காட்டிய பட்டறையினர், ஏற்கெனவே ஒருமுறை பெரிதாக்கிய துளை என்பதால் இனி அடிவார்ப்பையே மாற்ற வேண்டும் என்றனர். அதைச் செய்ய என்ஜினை வெளியே இறக்கி முழுதும் பிரிக்க வேண்டும். அவர்கள் ஏமாற்ற நினைத்தார்கள் என்று நாங்கள் சொல்லமாட்டோம். மரை வெட்டும் கருவியும் கடைசல் இயந்திரமும் இல்லாத இடத்தில், பாகத்தை மாற்றுவது ஒன்றே அவர்கள் பொறுப்பேற்கக்கூடிய வழி.

அங்குலமும் மில்லிமீட்டரும்

பட்டறைக்குப் போகும் முன் மரையைப் பற்றிச் சில செய்திகள். 1841-இல் இங்கிலாந்தின் ஜோசப் விட்வொர்த் மரைகளுக்குப் பொது அளவு வேண்டுமென்று எடுத்துரைத்து, 55 பாகைக் கோணம் கொண்ட ஒழுங்கை முன்மொழிந்தார். அதுவரை பட்டறைக்குப் பட்டறை வேறு வேறு மரை. ஓரிடத்துப் போல்ட் மற்றோரிடத்து நட்டில் ஏறாது. இன்று உலகெங்கும் பரவலாக உள்ள மில்லிமீட்டர் மரையின் கோணம் 60 பாகை. நம் நாட்டில் அதற்கான தரநிலை ஐ.எஸ். 4218.

1956-ஆம் ஆண்டுச் சட்டம் எடை அளவுகளில் மெட்ரிக் முறையைக் கொணர்ந்தது. 1957 ஏப்ரல் 1 அன்று அணாவும் பைசாவும் போய் நயா பைசா வந்ததை வங்கித் துறையினர் மறக்கமாட்டோம். ஆனால் நாணயம் மாறிய வேகத்தில் வண்டிகளின் மரை மாறிவிடவில்லை. ஆங்கிலேய வடிவமைப்பைத் தழுவிய பழைய வண்டிகளில் அங்குல அளவு மரைகள் இன்றும் உண்டு. அத்தகைய துளையில் ஏறத்தாழ அதே பருமனுள்ள மில்லிமீட்டர் போல்ட்டை வலிந்து ஏற்றினால் இரண்டு சுற்று ஏறும். மூன்றாவதில் துளையின் மரை சிதையும். பழைய வண்டிக்குப் போல்ட் வாங்கும்போது கழற்றிய போல்ட்டையே கையில் கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்குவது நல்லது.

மில்லிமீட்டர் மரைக்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. 'எம் 12, 1.5' என்றால் வெளி விட்டம் 12 மில்லிமீட்டர். ஒரு சுற்றுக்கும் மறு சுற்றுக்கும் இடைவெளி 1.5 மில்லிமீட்டர். மரை வெட்டுவதற்கு முன் இடவேண்டிய துளை, முன்னதிலிருந்து பின்னதைக் கழித்தால் வருவது: 10.5 மில்லிமீட்டர். 14-க்கு 12.5, 18-க்கு 16.5. இந்தக் கழித்தல் தெரிந்தால் பட்டறையில் நடப்பது பாதி புரிந்துவிடும்.

போசரிப் பட்டறையில்

எங்கள் கிளையில் நடப்புக் கணக்கு வைத்திருக்கும் ஒருவர், போசரி தொழிற்பகுதியில் கடைசல் பட்டறை நடத்துகிறார். கடன் விண்ணப்பத்தை ஒரு நாள் நிறுத்திவைத்து, அவரிடம் ஒரு முறை காட்டிவிட்டு வரும்படி ஓட்டுநரிடம் சொன்னோம். மறுநாள் இரண்டாம் சனிக்கிழமை; வங்கிக்கு விடுமுறை. ஆர்வம் மிகுதியால் நாங்களும் போனோம்.

மிஸ்திரி அறுபதை நெருங்கியவர். போல்ட்டைத் தொடும் முன் விளக்கைப் பிடித்துத் துளையைச் சுற்றிலும் துணியால் துடைத்தார். பிளவு உண்டா என்று பார்த்தார். "விரிசல் இருந்தால் என்னிடம் வேலை இல்லை. இல்லையென்றால் பேசலாம்" என்றார். விரிசல் இல்லை. பின் அளவுகோலால் துளையைச் சுற்றியுள்ள தடித்த வளையத்தை அளந்தார்: வெளி விட்டம் 26 மில்லிமீட்டர்.

பழுதான மரைக்கு என்னென்ன வழிகள் என்று கேட்டோம். வேலையை நிறுத்தாமலே ஒவ்வொன்றாகச் சொன்னார்.

முதல் வழி, மரையைச் சீர்செய்தல். ஒன்றிரண்டு சுற்று மட்டும் நசுங்கியிருந்தால் அதே அளவு டேப்பை மெல்லச் செலுத்தி வழியைத் திருத்திவிடலாம். உலோகம் அறுந்து வெளியே வந்துவிட்ட பின் இது பயன்படாது.

இரண்டாவது, ஒரு படி பெரிய போல்ட். துளையைச் சற்று அகட்டிப் புது மரை வெட்டிப் பெரிய போல்ட்டைப் போடுவது. எளிது, மலிவு. ஆனால் ஒவ்வொரு முறையும் சுற்றியுள்ள உலோகம் குறைகிறது.

மூன்றாவது, கம்பிச் சுருள். துளையை அகட்டி, அதற்கென்றே உள்ள டேப்பால் மரை வெட்டி, வைர வடிவக் குறுக்குவெட்டு உள்ள துருப்பிடிக்காத எஃகுக் கம்பியின் சுருளைத் திருகி உள்ளே பதிப்பது. சுருளின் உட்புறமே புதிய மரையாகிவிடும். பழைய அளவுப் போல்ட்டையே போடலாம். ஸ்பார்க் பிளக் துளைகளிலும் இதைச் செய்வதுண்டு.

நான்காவது, மரை வெட்டிய கெட்டி புஷ். வெளியே ஒரு மரை, உள்ளே ஒரு மரை, தலைப்பில் ஒரு விளிம்பு. அகட்டிய துளையில் அதை நிலையாகப் பூட்டிவிட்டால், போல்ட் இனி அலுமினியத்தைத் தொடாது. எஃகிலேயே ஏறி இறங்கும்.

ஐந்தாவது, ஆர்கான் வெல்டிங்கால் துளையை நிரப்பி மீண்டும் துளையிடுவது. பல்லாண்டு எண்ணெயில் ஊறிய வார்ப்பில் பற்றவைப்பு சுத்தமாக ஒட்டாது. வெப்பத்தால் வார்ப்பு கோணவும் கூடும். என்ஜினைப் பிரிக்காமல் அதைச் செய்ய அவர் விரும்புவதில்லை.

ஆறாவது, பாகத்தையே மாற்றுவது. காரில் உள்ளது போல் தகட்டால் ஆன தனி சேம்பராக இருந்தால் பல வேளைகளில் இதுவே அறிவுடைமை. கழற்றிப் புதியதைப் பூட்டிவிடலாம். வார்ப்பே தொட்டியாக உள்ள வண்டியில் இது கடைசி வழி.

ரப்பர் அடைப்பானும் பசைக்கலவையும் எந்தப் பட்டியலில் சேரும் என்று கேட்டோம். "வீடு போய்ச் சேரும்வரை" என்றார்.

செய்த வேலை

அவர் தேர்ந்தது கெட்டி புஷ்ஷை. காரணமும் சொன்னார். டிரெயின் போல்ட் அடிக்கடி கழற்றிப் பூட்டப்படுவது. கம்பிச் சுருள் சரியாகப் பதியாவிட்டால் என்றாவது போல்ட்டோடு சேர்ந்து வெளியே வரும். அதைவிட முக்கியம், வாஷர் உட்காரும் முகம் பழைய ஸ்பேனர் காயங்களால் பள்ளமாகியிருந்தது. புஷ்ஷின் விளிம்பு அந்த இடத்தில் புதிய, சமமான முகத்தைத் தந்துவிடும்.

கணக்கு இவ்வாறு அமைந்தது. புஷ்ஷின் வெளிமரை 18 மில்லிமீட்டர். துளையை 16.5-க்கு அகட்ட வேண்டும். 26-இல் 18 போனால் மீதி 8. இரு பக்கமும் பங்கிட்டால் சுற்றிலும் 4 மில்லிமீட்டர் உலோகம் நிற்கும். "மூன்றுக்குக் கீழே போயிருந்தால் நானும் கேஸை மாற்றத்தான் சொல்லியிருப்பேன்" என்றார். உள்மரை 12, அதாவது வண்டி புதிதாக வந்தபோது இருந்த அதே போல்ட் அளவு. இடையில் ஏறிய 14 கணக்கிலிருந்தே நீங்கிவிட்டது.

எஃகுத் துண்டு ஒன்றைக் கடைசலில் ஏற்றிப் புஷ்ஷைக் கடைந்தெடுக்க அவருக்கு ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. பெரும் கவனம் துளையிடுவதில்தான். வண்டியின் பின்புறத்தை மரக்கட்டைகளின் மேல் உயர்த்தி, பேட்டரி இணைப்பை நீக்கி, எண்ணெய் முழுதும் வடிந்தபின் கீழிருந்து மேல்நோக்கி வேலை செய்தார். சீவல்கள் தம் எடையாலேயே கீழே விழட்டும் என்பதற்காக. துளை சாய்ந்தால் போல்ட்டின் தலை ஒரு பக்கம் மட்டும் படியும். எந்த வாஷரும் அதைக் காப்பாற்றாது. எனவே துளைப்பானை நேராக நிறுத்த ஒரு வழிகாட்டி வளையத்தை முகத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். டேப்பின் பள்ளங்களில் கிரீஸை நிரப்பி, அரைச்சுற்று முன்னே, கால்சுற்றுப் பின்னே என்று வெட்டினார். சில சுற்றுக்கு ஒருமுறை டேப்பை வெளியே எடுத்துத் துடைத்துப் புதுக் கிரீஸ் தடவினார். சீவல்கள் கிரீஸில் ஒட்டிக்கொண்டு வெளியே வந்தன.

மீந்த துகளைக் காந்தத்தால் எடுக்கலாமே என்று நாங்கள் கேட்டது எங்கள் அறியாமை. அலுமினியத்தைக் காந்தம் இழுக்காது. ஆகவே மேலே எண்ணெய் ஊற்றும் வாயில் மெல்லிய எண்ணெயைச் சிறிது சிறிதாக ஊற்றி, கீழே வெள்ளைத் துணியைப் பிடித்து, துணியில் மினுமினுப்பு நிற்கும்வரை அலசினார். அதுவரை என்ஜினை ஒரு சுற்றுக்கூடச் சுழற்ற அவர் விடவில்லை. ஒரு துகள் எண்ணெய் வழியில் புகுந்தால், காப்பாற்றிய என்ஜினை நாமே கெடுத்ததாகிவிடும்.

பின்னர் துளையையும் புஷ்ஷையும் எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் துடைத்து, மரையை நிலையாகப் பிடிக்கும் பசையைத் தடவிப் பூட்டினார். புஷ்ஷின் உள்முனை வார்ப்பின் உட்பரப்போடு சமமாக நிற்கிறதா என்று சரிபார்த்தார். அது துருத்திக்கொண்டு நின்றால் ஒவ்வொரு முறையும் அழுக்கு எண்ணெயில் ஒரு பகுதி வடியாமல் அடியிலேயே தங்கிவிடும். பசை இறுக ஒரு நாள் விட வேண்டும் என்றார். ஞாயிறு மாலை புது வாஷரோடு போல்ட்டைப் பூட்டி, எண்ணெய் ஊற்றி, என்ஜினை ஓட்டி, அடியில் காகிதத்தை விரித்துவைத்துப் பார்த்தார்கள். காகிதம் காய்ந்தே இருந்ததாக ஓட்டுநர் தொலைபேசியில் சொன்னார்.

மிஸ்திரி வாங்கிய கூலி 1,200 ரூபாய். எண்ணெயும் வாஷரும் தனி.

என்ஜின் எண்ணும் பதிவுச் சான்றும்

திங்களன்று விண்ணப்பத்தைத் திரும்பப் பெற அவர் வந்தபோது, அவர் அறியாத மற்றொன்றையும் எடுத்துச் சொன்னோம். இத்தகைய வண்டிகளில் என்ஜின் எண் பொறிக்கப்பட்டிருப்பது அந்த அலுமினிய வார்ப்பின்மேல்தான். வார்ப்பை மாற்றினால் எண்ணும் போய்விடும். பதிவுச் சான்றிதழிலும் காப்பீட்டு ஆவணத்திலும் எங்கள் கடன் பத்திரத்திலும் இருப்பது பழைய எண். வண்டியில் செய்யும் மாற்றங்களைப் பற்றி 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு பேசுகிறது. மாற்றத்தைப் போக்குவரத்து அலுவலகத்தில் தெரிவித்துச் சான்றிதழில் ஏற்ற வேண்டும். கடன் உள்ள வண்டியாயின் வங்கியின் இசைவும் தேவைப்படும். அதைச் செய்யாமல் விட்டால், எட்டு ஆண்டு கடந்த வணிக வாகனம் ஆண்டுதோறும் பெறவேண்டிய தகுதிச் சான்றின்போதும், விபத்துக்குப் பின் காப்பீட்டுத் தொகை கோரும்போதும் எண் ஒவ்வாமை பெரும் தலைவலியாகும்.

வார்ப்பை மாற்றியே ஆக வேண்டிய நிலை சிலருக்கு வரலாம். அப்போது பழைய பாகத்தைப் பழைய இரும்புக்கடைக்கு அனுப்பும் முன் கிளைக்கு வந்து ஒரு சொல் சொல்லிவிடுங்கள். புதிய பாகத்தின் ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள். தாளில் நேர் செய்வது அன்று எளிது. இரண்டு ஆண்டு கழித்து அரிது.

எடுக்காத கடனின் கணக்கு

முப்பதாயிரம் ரூபாயை ஆண்டுக்கு 12 விழுக்காடு வட்டியில் இரண்டு ஆண்டுக்குக் கொடுத்திருந்தால், எடுத்துக்காட்டாகக் கணக்கிட, மாதத் தவணை சுமார் 1,412 ரூபாய். மொத்தம் செலுத்துவது ஏறத்தாழ 33,900. அதில் வட்டி மட்டும் 3,900. அதாவது மிஸ்திரியின் கூலியைவிட ஒவ்வொரு மாதத் தவணையும் கூடுதல், இருபத்துநான்கு மாதம்.

கடன் கொடுப்பது எங்கள் தொழில். கொடுக்காமல் விட்டதைப் பெருமையாகச் சொல்வது விந்தையாகத் தோன்றலாம். ஆனால் கடனுக்கு ஈடாக நிற்கும் வண்டி ஓடினால்தான் முந்தைய கடனும் திரும்பும். பழுதுபார்ப்புக்கென்று வரும் விண்ணப்பங்களில் தொகையையும் மதிப்பீட்டுச் சீட்டையும் மட்டும் பார்த்துவந்த நாங்கள், அதன் பின் 'என்ன பழுது, இரண்டாவதாக ஒருவரிடம் காட்டினீர்களா?' என்ற கேள்வியையும் கேட்கத் தொடங்கியிருக்கிறோம். சிலருக்கு அக்கேள்வி பிடிப்பதில்லை. சிலர் போய்க் காட்டிவிட்டு வருகிறார்கள். கேஸை மாற்றியே ஆக வேண்டும் என்று இரண்டாமவரும் சொன்னால், தயக்கமின்றிக் கடன் வழங்குகிறோம்.

வண்டி வைத்திருப்போர் கவனத்திற்கு

எண்ணெய் மாற்றும்போதெல்லாம் வாஷரை மாற்றுங்கள். டிரெயின் போல்ட்டைப் பொறுத்தவரை இதைவிட மலிவான காப்பீடு இல்லை. செம்பு வாஷர் புதிதாகக் கிடைக்காத இடத்தில், பழையதைச் செந்நிறமாகும்வரை சுட்டு ஆறவைத்தால் மீண்டும் இளகும். தேவை ஏற்பட்டால் ஒருமுறை பயன்படுத்தலாம்.

போல்ட்டை முதல் மூன்று சுற்றாவது விரலால் மட்டும் திருகச் சொல்லுங்கள். விரலுக்கு ஏறாதது ஸ்பேனருக்கு ஏறக்கூடாது. ஏறினால் அது கோணலாக ஏறுகிறது என்று பொருள்.

எண்ணெய் இளஞ்சூட்டில் இருந்தால் போதும், கொதிக்க வேண்டியதில்லை.

இறுக்கும் அளவு உங்கள் வண்டியின் கையேட்டில் இருக்கும். 12 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு 25 நியூட்டன் மீட்டர் என்று அதில் போட்டிருப்பதாகக் கொள்வோம். 25 சென்டிமீட்டர் நீள ஸ்பேனரின் முனையில் ஏறத்தாழ 10 கிலோ எடையைத் தொங்கவிட்டால் கிடைக்கும் விசை அது. அதே ஸ்பேனரில் ஒரு மீட்டர் நீளத்துக்குக் குழாயைச் செருகி அதே 10 கிலோ விசையைக் கொடுத்தால் நான்கு மடங்காகிவிடும். குழாயைக் கையில் எடுப்பவரைக் கண்டால் நிறுத்துங்கள். காற்றால் இயங்கும் துப்பாக்கியால் இந்தப் போல்ட்டைப் பூட்டுவதையும் அனுமதிக்க வேண்டாம்.

எண்ணெய் மாற்றிய மறுநாள் காலை வண்டி நின்ற இடத்தில் ஒரு பார்வை பாருங்கள். சொட்டு இருந்தால் மேலும் இறுக்கச் சொல்லாதீர்கள். வாஷரையும் முகத்தையும் பார்க்கச் சொல்லுங்கள்.

போல்ட் திருகத் திருகப் பிடிக்காமல் சுற்றினால் வண்டியை அங்கேயே நிறுத்துங்கள். ஒரு கிலோமீட்டர்தானே என்று ஓட்டிப் பார்க்கும் செலவு மிகப் பெரிது.

வடித்த எண்ணெயைச் சாக்கடையில் கொட்ட வேண்டாம். 2016-ஆம் ஆண்டின் அபாயக் கழிவு விதிகளின்படி பயன்படுத்திய எண்ணெய் அபாயக் கழிவு. உரிய முறையில் சேகரிப்போரிடமே சேர வேண்டும்.

அந்த ஓட்டுநர் தீபாவளிக்கு முன் தவணை கட்ட வந்தார். பணம் எடுக்கச் சட்டைப்பையில் கைவிட்டபோது நோட்டுகளோடு சேர்ந்து காகிதத்தில் மடித்த இரண்டு செம்பு வாஷர்களும் வெளியே வந்தன. எண்ணெய் மாற்றும் நாள் நெருங்குகிறதாம். கடையில் அந்த நேரத்தில் இல்லாமல் போனால் என்ன செய்வது என்று முன்கூட்டியே வாங்கிவைத்துக்கொண்டாராம். தவணையைக் கட்டிவிட்டு வாஷர்களை மீண்டும் பத்திரமாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, வெளியே காத்திருந்த சவாரியை நோக்கி விரைந்தார்.